அலையேறிய அத்தாச்சி

அந்தப் பலகை சென்னை விமான நிலையத்திலிருந்து பட்டினச்சேரி வரைக்கும் ஒரு வேனின் கூரைமேல் வந்தது. வெள்ளை உறை போட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, ஆளுயரத்துக்கு மேல் நீளமாகக் கிடந்தது. வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எதிரே வந்த இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கி, தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். வெளியூரில் யாரோ தவறிப்போய் உடம்பு வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு அத்தாச்சி சிரித்தபடி குதித்து இறங்கியதும்தான் அவர்கள் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள்.

அத்தாச்சி என் அப்பாவின் தங்கை மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அத்தையைக் கட்டிய மாமாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் கல்யாணமான கையோடு அத்தை, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்குப் போய்விட்டாள். காரைக்கால் பக்கத்தில் அப்படிப் போன குடும்பங்கள் நிறைய. அத்தாச்சி அங்கேயே பிறந்து வளர்ந்து, சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே டிசம்பர், ஜனவரிதான் பெரிய லீவு. அதனால் எங்கள் ஊரில் வாடைக்காற்று அடித்து, கடல் சீறிக்கொண்டிருக்கும் காலமாகப் பார்த்து வந்து சேர்ந்தாள்.

அவளுடைய தமிழ் முழுக்க அத்தையிடமிருந்து வந்தது. அத்தை ஊரை விட்டுப் போன காலத்தில் எங்கள் தெருவில் பேசிய தமிழ் அது. நடுநடுவே பிரெஞ்சு. மரியாதையாகப் பேச வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொடுத்ததை உலகத்தில் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். என்னையும் வாங்க, போங்க. வாசலில் படுத்திருக்கும் ஆட்டிடமும் “கொஞ்சம் நகருங்க” என்பாள்.

“என்னைய நீன்னே சொல்லு அத்தாச்சி. கேக்க ஒரு மாதிரியா இருக்கு.”

“சரிங்க,” என்றாள்.

உறையைப் பிரித்ததும் அப்பா பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அதற்கு முன்னால் பல வருஷம் கட்டுமரம். குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“உள்ள தெர்மக்கோல் மாதிரி ஏதோ. மேல ஃபைபர். நம்ம போட்டுதான் இது. இதுல எங்க உக்காருவ?”

“உக்கார மாட்டேன் மாமா. நிப்பேன். அலை கரைக்கு வரும்ல, அது மேல நின்னு நானும் வருவேன்.”

அப்பா பலகையின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப மீனை எதுல போடுவ?” என்றார்.

அத்தாச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

அப்போது சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் அக்காவை, என் பெரியம்மாவை, அந்தக் காலையில் கடல் கொண்டுபோயிருந்தது. எங்களுக்குக் கரையிலிருந்து தள்ளி, மேற்கே புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்று கிடைத்திருந்தது. அம்மா மீன் வியாபாரம் செய்கிறவள். தினமும் விடியற்காலையில் அன்னக்கூடையோடு கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்றாக வேண்டும். போவாள். ஆனால் ஏலம் முடியும் வரை கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். விலை கேட்கும்போதுகூடத் திரும்ப மாட்டாள்.

“அவ வந்த புள்ள, அவ ஆசைக்குப் போறா. நீ கரையிலயே இரு,” என்று என்னிடம் சொன்னாள். சரி என்றேன்.

மறுநாள் காலையில் அத்தாச்சி முதல் தடவை இறங்கினாள். முழங்காலுக்கு வரும் கறுப்பு உடை, உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, இடது கணுக்காலில் பட்டை. பட்டையிலிருந்து ஒரு கயிறு பலகைக்குப் போனது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் யாரும் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பேருடைய கையும் நின்றுவிட்டது.

தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் திரும்பி என்னிடம் கேட்டாள்: “இங்க சுறா இருக்கா?”

“இருக்கு. புட்டு வைப்போம்.”

அன்று அலை இடுப்பு உயரம்தான். அவள் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு அலை முதுகைத் தூக்கியதும் சட்டென்று எழுந்து நின்றாள். நின்றபடியே இருபது முப்பது அடி வந்து, கரை தொடும் இடத்தில் மெதுவாக இறங்கினாள். வலைக்காரர்களில் ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுத்து, “நம்மூட்டுப் புள்ளதானே, பின்ன எப்படி இருக்கும்,” என்றார். அதோடு ஊருக்கு விஷயம் முடிந்துபோயிற்று. மறுநாளிலிருந்து அவளை எல்லோரும் நேராகவே பார்த்தார்கள்.

எனக்கு முடியவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆற்று முகத்துவாரத்தில் தெருவில் இருந்த அண்ணன்மாரோடு நீந்திக்கொண்டே கிடப்பேன். வயசுக்கு வந்ததும் தண்ணீரில் இறங்குவது நின்றது. பிறகு படிப்பு. பி.காம் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். மூன்று நாள் கரையில் நின்று பார்த்தேன். நாலாம் நாள், அம்மா மார்க்கெட்டுக்குப் போனபிறகு, சுடிதாரோடு இறங்கினேன்.

அத்தாச்சி முதலில் செய்த காரியம் என் துப்பட்டாவை உருவி மணலில் போட்டதுதான். “தண்ணிக்குள்ள இது கழுத்தைச் சுத்தும். கை கால் சுத்தும். தூரமா வச்சுட்டு வாங்க.” பலகையின் அடியில் மீன்வால் போல நீட்டிக்கொண்டிருந்த மூன்று துண்டுகளைக் காட்டினாள். தன் தொடையில் இருந்த நீளமான தழும்பையும் காட்டினாள். விழும்போது பலகைக்கும் அலைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. விழுந்ததும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் உருட்டும்போது எதிர்த்து மல்லுக்கு நிற்கக் கூடாது. “அலை யாரையும் புடிச்சு வச்சுக்காது. கொஞ்ச நேரத்துல விட்டுடும். நீங்க பொறுமையா இருந்தாப் போதும்.”

பத்து நாள் விழுந்துகொண்டே இருந்தேன். மூக்கு வழியாகக் குடித்த உப்புத் தண்ணீரில் சாப்பாட்டுக்கு ருசியே தெரியாமல் போனது. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ எழுந்து நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. கரையில் இருந்த வீடுகளும் தென்னைகளும் என்னை நோக்கி வந்தன. அத்தாச்சி பின்னால் எங்கேயோ பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தாள். அந்த வயது வரைக்கும் என் உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஊரே சேர்ந்து அம்மாவிடம் இதை மறைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் ஈரச் சுடிதாரைத் தங்கள் கொடியில் உலர்த்திக் கொடுத்தார்கள். வலைக்காரர்கள் அம்மா எந்த வேனில் திரும்புகிறாள் என்று பார்த்துச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

நானும் அத்தாச்சிக்கு ஒன்றிரண்டு சொல்லிக்கொடுத்தேன். அவளுடைய தீவில் அலை பவளப்பாறைமேல் உடையும். பாறை நகராது, அதனால் அலையும் தினம் ஒரே இடத்தில் உடையும். எங்களுக்கு மணல். நேற்று இருந்த திட்டு இன்று இருக்காது. மார்கழி, தையில் நீரோட்டம் தெற்கே இழுக்கும். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்தாற்போல வரும், பிறகு கடல் கொஞ்சம் அசரும். அந்த அசரலில்தான் போட்டைக் கரையேற்றுவார்கள். இதெல்லாம் எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் போனவர்கள் வரும்வரை கரையில் நின்று அலையையே பார்த்துக்கொண்டிருப்பது நாங்கள்தான். எந்த இடத்தில் போட் கவிழும், கவிழ்ந்த போட்டும் ஆளும் எங்கே வந்து ஒதுங்குவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பொங்கல் கழிந்த வாரம் நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு நாள் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. புயல் எங்கள் பக்கம் வராமல் வடக்கே போய்விட்டது. மூன்றாம் நாள் வானம் வெளுத்து, நல்ல வெயில். காற்றே இல்லை. ஆனால் கடல் மட்டும் அடங்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே அலை விழும் சத்தம் கேட்டது.

அப்பா காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “காத்து இல்லாம வீங்கி நிக்குது. இன்னிக்கி வேணாம்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்று அத்தாச்சியிடம் சொன்னார். பிறகு என்ஜினுக்கு ஏதோ சாமான் வாங்க காரைக்காலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அத்தாச்சிக்கு இன்னும் ஐந்து நாளில் விமானம். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

“ஒரே ஒரு மணி நேரம்,” என்றாள் என்னிடம். “இந்த மாதிரி அலைக்குத்தான் இவ்வளவு தூரம் இதைத் தூக்கிட்டு வந்தேன். நீங்க கரையில இருங்க. நான் மட்டும்.”

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. போதாததற்கு, எங்கே இறங்கினால் சுலபமாக வெளியே போகலாம் என்றும் நான்தான் சொன்னேன். ஆற்று முகத்துவாரத்தில் மழைத் தண்ணீர் இன்னும் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் படுத்தால் அதுவே அலையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். போட்களும் அந்த வழியாகத்தான் போகும்.

அவள் போனாள். பத்து நிமிஷத்தில் அலை உடையும் கோட்டுக்கு அப்பால் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருந்தாள்.

முதல் அலையில் அவள் எழுந்து நின்றாள். அது எங்கள் புது வீட்டுக் கூரை உயரம் இருக்கும். பச்சையாக எழும்பி, உச்சியில் வெயில் ஊடுருவ நின்றது. அதன் நடுவில் முழங்காலை மடித்து, ஒரு கையைத் தண்ணீரில் உரசவிட்டபடி, அவள் சரிந்து வந்தாள். நான் கை தட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டாவது அலையிலும் அப்படியே. மூன்றாவதிலும். அத்தை மகள் என்று பெருமையாக இருந்தது.

நாலாவது அலை பாதியிலேயே மூடிக்கொண்டது. அவள் உள்ளே போனாள். நுரையிலிருந்து பலகை மட்டும் செங்குத்தாக எழும்பி விழுந்தது. பிறகு அது உருண்டு உருண்டு கரைக்கு வந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். கணுக்கால் கயிறு நடுவில் அறுந்து, ஒரு துண்டு மட்டும் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய தலை தெரிய எவ்வளவு நேரம் ஆனது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. தெரிந்தது. கரையைப் பார்த்து நேராக நீந்தினாள். நீந்த நீந்தத் தூரமாகிக்கொண்டே போனாள். ஆற்றுத் தண்ணீர் அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தெற்கே போ, தெற்கே போ என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தூரத்தில் படகுத்துறைப் பக்கம் ஆள்கள் இருந்தார்கள். துப்பட்டாவை எடுத்து உயர்த்தி ஆட்டினேன். ஒருவர் பார்த்து ஓடிவரத் தொடங்கினார். அதற்குமேல் நிற்க முடியவில்லை. துப்பட்டாவின் ஒரு முனையை அறுந்த கயிற்றில் முடிந்தேன், மறுமுனையை என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். அவள் போன அதே வழியில் இறங்கினேன்.

ஆற்றோட்டம் என்னையும் இழுத்துக்கொண்டு போனது. முதல் அலையைப் பலகையோடு முட்டிக் கடந்தேன். இரண்டாவது என்மேலேயே விழுந்தது. பலகை கையை விட்டுப் போனது. மேல் எது கீழ் எது தெரியவில்லை. மணல் வாய்க்குள் போனது. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அலை யாரையும் பிடித்து வைத்துக்கொள்ளாது என்று அத்தாச்சி சொன்னதை நினைத்தேன். உடனே, பெரியம்மாவை விடவில்லையே என்றும் நினைத்தேன். அப்போது மணிக்கட்டு சுண்டியது. பலகை மேலே மிதந்து என்னை இழுத்தது. அந்தப் பக்கம்தான் மேல் என்று தெரிந்துகொண்டு காலை உதைத்தேன்.

அலைக்கோட்டைத் தாண்டியதும் கடல் ஏறி இறங்கியதே தவிர உடையவில்லை. அத்தாச்சி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம். இடது தோளை அசைக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, “நீ எதுக்குடி வந்தே?” என்றாள். ஐந்து வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்த நீ.

இருவரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். அவள் ஒரு கையால் கரைப் பக்கம் தள்ள ஆரம்பித்தாள்.

“வேணாம் அத்தாச்சி. சும்மா இரு. அதுவே தெக்க கொண்டுபோவும்.”

“கரை அங்க இருக்கு.”

“இருக்கட்டும். சவுக்குத் தோப்பு தெரியுதா? அதுக்கு நேரா இப்ப திட்டு இருக்கு. கவுந்த போட்டெல்லாம் அங்கதான் ஒதுங்கும். நாமளும் ஒதுங்குவோம்.”

அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்காது. ஆனால் தள்ளுவதை நிறுத்தினாள். ஆற்று முகம் மெல்லப் பின்னால் போயிற்று. குளிரில் அவளுடைய பல் கிட்டியது. நான் அவள் முதுகில் கை போட்டுக்கொண்டேன். கரையில் நாலைந்து பேர் ஒரு ஃபைபர் போட்டைத் தள்ளுவதும், அலை அதைத் திருப்பி வீசுவதும் தெரிந்தது.

சவுக்குத் தோப்புக்கு நேராக வந்ததும் காத்திருந்தோம். ஐந்து பெரிய அலைகள் எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய் உடைந்தன. ஐந்தாவது போனதும் கடல் அசந்தது. “இப்ப,” என்றேன். அவள் பலகைமேல் குப்புறப் படுத்தாள். நான் அவள் காலுக்கு மேல் படுத்துக் கையால் துழாவினேன். பின்னால் வந்தது சின்ன அலைதான், ஆள் உயரம். அதில் எழுந்து நிற்கும் அழகெல்லாம் இல்லை. மூட்டை மாதிரி எங்களைக் கொண்டுவந்து திட்டில் கொட்டியது. இன்னொரு அலை அங்கிருந்து உருட்டிக் கரையில் போட்டது. என் முழங்கை இரண்டும் உரிந்திருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அம்மா நிற்கிறாள். ஏலம் இல்லாததால் அன்று வீட்டில் இருந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீரில், முந்தானை நனைய, கடலைப் பார்த்து நின்றாள். என்னை எழுப்பி நிறுத்தினாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என் தலைமுடியிலிருந்து மணலை எடுக்க ஆரம்பித்தாள்.

“உப்புல நனைஞ்ச துணியத் தொவைக்கிறவ நான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? கொடி மாத்திக் காயப்போட்டா உப்பு போயிடுமா?”

அத்தாச்சி மணலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, நான்தான் போனேன். என்னை ஏன் அடிக்கல?”

“நீ வந்த புள்ள. உன்னைய எப்படி அடிக்கிறது,” என்றாள் அம்மா.

அதைக் கேட்டதும் அத்தாச்சி அழுதுவிட்டாள். தண்ணீருக்குள் அழாதவள் விக்கி விக்கி அழுதாள். அம்மா குனிந்து, அடிபடாத தோளில் பட்டென்று ஒன்று போட்டாள். “போதுமா? எந்திரி,” என்று முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஓடிவந்த ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவர்களிடம் அம்மா, “போங்கய்யா, வேலையப் பாருங்க,” என்றாள்.

காரைக்காலில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, பிசகியிருக்கிறது என்று கட்டுப் போட்டார். எப்படி ஆனது என்று கேட்டார். வழுக்கி விழுந்ததாக அம்மா சொன்னாள்.

அப்பா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பலகையை வாசலில் இரண்டு முக்காலிமேல் கவிழ்த்துப் போட்டு, திட்டில் இடித்து உடைந்த இடங்களை ரெசின் பசையும் ஃபைபர் பாயும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். போட்டில் ஓட்டை விழுந்தால் அடைக்கிற அதே சாமான். அத்தாச்சி ஒற்றைக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா, கோவமா?”

“உங்கம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்லியிருப்பேன், அத யோசிச்சியா?” என்றார். தேய்ப்பதை நிறுத்தாமல், “இனிமே சொன்னா கேளு,” என்றார்.

“கேக்கறேங்க.”

அவள் ஊருக்குப் போகும்போது பலகையை எனக்கே விட்டுப் போனாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் அலை இருந்தால் இறங்கக் கூடாது, அப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கரையில் இருக்க வேண்டும், துணியை நானே துவைக்க வேண்டும் என்றாள். மூன்றையும் பெரும்பாலும் கடைப்பிடித்தேன். பெரிய அலையில் நான் பிறகு போகவே இல்லை. கரையில் நின்று அதைப் பார்க்கும்போது கால் விரல்கள் மணலைப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் கணக்கர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார் நடுவில் இருந்தவர். கதைப் புத்தகம் படிப்பேன் என்று சொல்லத்தான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாய் வேறு சொல்லிவிட்டது.

“கடல்ல பலகை மேல நின்னு அலையில வருவேன் சார்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீச்சல்னு எழுதிக்கவா?” என்றார் ஓரத்தில் இருந்தவர்.

அன்று சாயங்காலம் அத்தாச்சி போன் செய்தபோது இதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே அதை அத்தைக்கு பிரெஞ்சில் சொல்வது கேட்டது. அத்தை சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சமையலறையிலிருந்து எங்கள் ஊர்த் தமிழில் சத்தமாகக் கேட்டாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். வேலை கெடச்சுதா இல்லையா, அதச் சொல்லச் சொல்லு.”

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததற்குப் புத்தகம் என்று சொன்னேன், கிடைத்தது.